அரை மணி நேரம் முந்திப் பிறந்தவர்கள்

பிரிண்டர் தாளைக் கடித்துக் கடித்துத் துப்பியது. முதலில் பிள்ளையாரின் கிரீடம் வந்தது. பிறகு காது. தும்பிக்கை பாதி வந்தபோது ஒரு முனகலோடு நின்று, மூச்சு வாங்கிவிட்டு மறுபடி தொடங்கியது. பிள்ளையார் முழுதாக வந்து சேர்வதற்குள் கீழே ஃபேக்டரி பஸ் இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டது.

“சீக்கிரம் லா கோகி, பஸ்ஸு போயிரும்.”

“நான் என்னக்கா பண்றது? உங்க கிரகம் மெதுவாத்தான் வருது.”

“வாய் மட்டும் வேகமா வருது ஒனக்கு.”

தனா அக்கா நீலச் சீருடையில், கழுத்தில் அட்டை தொங்க, ஒரு காலை மாடிப்படியில் வைத்தபடி நின்றார். மலேசியாவின் கெடா மாநிலத்தில், எங்கள் செர்டாங்கை ஒட்டிய தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். கூலிம் ஹைடெக் பூங்காவில், கண்ணுக்குத் தெரியாத சில்லுகளை உருப்பெருக்கியில் பார்த்துச் சோதிக்கும் வேலை. அதே தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருந்த குணா அண்ணனும் அவரும் நான்கு வருடங்களாக விரும்பினார்கள். குணா அண்ணனின் அம்மா ராசம்மா ஆன்ட்டி கல்யாணத்துக்குப் பாதி சம்மதித்துவிட்டார். மீதிப் பாதி ஜாதகத்தில் இருந்தது. தனா அக்காவின் ஜாதக நோட்டையோ தோட்டத்து லய வரிசை வீட்டுக் கரையான் எப்போதோ தின்று முடித்திருந்தது.

“அதுக்கென்ன, இன்டர்நெட்ல ஃப்ரீயா எடுக்கலாம்” என்று துள்ளிக்கொண்டு சொன்னவள் நான்தான்.

தாள் முழுதாக வந்தது. பன்னிரண்டு கட்டங்கள். ஒவ்வொரு கிரகத்துக்கும் ஒரு நிறம். லக்னத்திலிருந்து எண்ணினால் ஏழாவது கட்டத்தில் சிவப்பு மையில் ‘செவ்’ என்று இருந்தது. சிவப்பு நன்றாக விழுந்திருக்கிறதே என்று மட்டும் நினைத்தேன். தனா அக்கா மை காயாத அந்தத் தாளை வாயால் ஊதிக்கொண்டே படியிறங்கி ஓடினார்.

பொற்காலமாம்

இந்தத் தொடரின் சென்ற வாரப் பகுதியைப் படித்துவிட்டு பாலிங்கிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். இணையம் வந்த புதிதில் எல்லாம் எவ்வளவு தூய்மையாக இருந்தது, அந்தப் பொற்காலத்தைப் பற்றி இன்னும் எழுதுங்கள் என்று கேட்கிறார்.

ஐயா, நீங்கள் அந்தக் காலத்தில் எந்த இணையத்தில் இருந்தீர்கள்? நான் இருந்த இணையத்தில் பாதிப் பக்கங்களின் மேல் மண்வெட்டி பிடித்த ஒரு பொம்மை மண்ணை அள்ளிக்கொண்டே இருந்தது. ‘பக்கம் கட்டப்படுகிறது.’ கடைசிவரை ஒன்றுமே கட்டப்படவில்லை. அந்தப் பொம்மை இன்றைக்கும் எங்கோ அள்ளிக்கொண்டுதான் இருக்கும். மீதிப் பாதியில் வருகையாளர் எண்ணிக்கை ஓடியது. அதில் பெரும்பங்கு பக்கத்தின் சொந்தக்காரரே திரும்பத் திரும்ப வந்து பார்த்தது.

தமிழ்ப் பக்கங்களைக் கேட்கவே வேண்டாம். தளத்துக்கு ஒரு எழுத்துரு. அதை இறக்கினால்தான் படிக்க முடியும். இறக்காவிட்டால் திரை முழுக்கக் கொம்பும் வாலும் முளைத்த ஆங்கில எழுத்துகள். இறக்கினாலோ, அரை மணி காத்திருந்த பிறகு தெரியும் சேதி: ‘எங்கள் தளத்துக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம்.’ அவ்வளவுதான். அடுத்த பக்கத்தில் மண்வெட்டிப் பொம்மை.

இருபதுகளைத் தாண்டாதவள் நினைவுக் குறிப்பு எழுதலாமா என்று கேட்பவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் பார்த்த இணையம் எனக்கு முன்னாலேயே கிழமாகிச் செத்துவிட்டது. யாராவது உண்மையைச் சொல்ல வேண்டாமா? பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். ஊரை மாற்றவில்லை. எங்கள் ஊருக்கு வெட்கம் கிடையாது.

லிம் கடை மாடி

செர்டாங்கில் இணையம் சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. கடை லிம்முடையது. கீழே பங்சர் ஒட்டுவார். மேலே ஆறு கணினிகள். டயர் ஒட்டும் பசையின் வாடை படியேறி வந்து விசைப்பலகைகளில் குடியிருந்தது. இன்றைக்கும் எங்காவது பசை வாடை அடித்தால் என் விரல்கள் தாமாகவே மூன்று டபிள்யூவைத் தேடும்.

பக்கத்துக் கடை எங்கள் அப்பாவின் மளிகை. நான் பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஆறாம் படிவம் படித்துக்கொண்டிருந்தேன். பள்ளி விட்டதும் தஞ்சோங் டாவாயிலிருந்து வந்த கருவாட்டுக் கூடைகளைத் தாண்டி, அப்பாவின் கண்ணில் படாமல் மாடிக்கு ஏறிவிடுவேன். கணினி எப்படியோ கைக்கு வந்துவிட்டது. லிம்முக்குக் கணினியை அணைக்கத் தெரியும், அவ்வளவுதான். யார் வந்து என்ன கேட்டாலும் “தங்காச்சி, தோலோங்” என்று உதவி கேட்டு என் பக்கம் கையைக் காட்டிவிடுவார். அதற்குக் கூலியாக எனக்கு நேரக் கணக்கு கிடையாது, எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் இலவசம்.

அந்த மாடியில் நான் கண்டுபிடித்த அதிசயங்களைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஏதோ ஒரு குளிர்நாட்டில் ஒருவன் தன் வீட்டு மீன்தொட்டிக்கு முன்னால் கேமரா வைத்து, நிமிடத்துக்கு ஒரு படம் போட்டுக்கொண்டிருந்தான். மீன் எப்போதும் படத்துக்கு வெளியே இருக்கும். நான் ஒரு வாரம் பார்த்தேன். ஒரு வாலைக் கண்டேன். இன்னொரு தளத்தில் எந்தக் கேள்வி கேட்டாலும் ஆம், இல்லை என்று பதில் வரும். ‘நீ ஒரு பொய்யனா?’ என்று கேட்டேன். ‘ஆம்’ என்றது. நான் அங்கே பார்த்த ஒரே நேர்மையான தளம் அதுதான்.

அர்ச்சனைத் தளமும் ஒன்று இருந்தது. பெயர், நட்சத்திரம் தட்டிவிட்டால் தமிழ்நாட்டில் ஏதோ ஒரு கோயிலில் நம் பெயருக்கு அர்ச்சனை செய்து, விபூதியைத் தபாலில் அனுப்புவார்களாம். முதல் பூஜை இலவசம். பரீட்சைக்காகப் பதிந்தேன். பரீட்சை வந்தது, முடிவும் வந்தது, விபூதி வரவில்லை. எல்லாம் மறந்துபோன ஒரு நாள் உறை வந்தது. சாம்பல் நிறப் பொடியைச் சுங்கத்தில் பிரித்துப் பார்த்து, மறுபடி ஒட்டி, மேலே ஒரு முத்திரையும் குத்தியிருந்தார்கள். உள்ளே விபூதியைவிட முத்திரை மைதான் அதிகம். அம்மா அதையும் பூசிக்கொண்டார்.

இலவச ஜாதகம்

அந்த அர்ச்சனைத் தளத்தின் அடியில் ஒரு கோடியில் மினுக்கிக்கொண்டிருந்தது ஜாதகத் தளம். பிறந்த தேதி, நேரம், ஊர். மூன்றைத் தட்டினால் ஜாதகம். ஊர்ப் பட்டியலில் மலேசியாவுக்கு ஒரே ஊர்தான், கோலாலம்பூர். கெடா என்று ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. அதை மன்னித்தேன். நம் நாட்டு வானொலிக்கே பல நேரம் தெரிவதில்லை.

நான் எதையும் எளிதில் நம்புகிறவள் இல்லை, அதனால் சோதித்தேன். என் ஜாதகம் அப்பா தமிழ்நாட்டுப் பெரிய ஜோசியர் ஒருவரிடம் எழுதி வாங்கியது. சிவப்பு அட்டை நோட்டு. அதையும் திரையையும் கட்டம் கட்டமாக ஒப்பிட்டேன். ஒரு கிரகம் பிசகவில்லை. லிம்மின் மாடியே அதிரக் கை தட்டினேன்.

அன்றையிலிருந்து செர்டாங்கின் ஜாதகம் என் கையில். சனிக்கிழமை பசாருக்கு வருகிறவர்கள் கீரையையும் வாங்கிக்கொண்டு, சூராட் பெரானாக்கோடு மாடியேறினார்கள். அந்தப் பிறப்புச் சான்றிதழில் பிறந்த நேரம் இருக்கும். பார்த்துத் தட்டுவேன். பிரிண்டர் துப்பும். தாளை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். கையால் எழுதிய ஜாதகத்தை இப்படி யாரும் ஒற்றிக்கொண்டு நான் பார்த்ததில்லை. லிம் கீழேயிருந்து “கெர்தாஸ் ஹாபிஸ் லா தங்காச்சி!” என்று தாள் தீர்ந்துபோவதைச் சொல்லிக் கத்துவார்.

ஜாதகத்தில் எனக்கு நம்பிக்கை உண்டா என்று கேட்டால், கிடையாது. கணினியில் உண்டு. இரண்டும் ஒரே தாளில் வந்தபோது எதை நம்புகிறேன் என்று யோசிக்க எனக்கு நேரமில்லை. எனக்குக் கூட்டம் பிடித்திருந்தது.

பெரியப்பாவின் விரல்

தனா அக்கா ஒரு வாரம் கழித்து எங்கள் கடைக்கு வந்தார். உளுந்து கேட்டார். நான் சிரித்துக்கொண்டே ஓடினேன்.

“என்னக்கா, தேதி குறிச்சாச்சா?”

“குறிச்சாச்சு. எனக்கு ஏழாம் எடத்துல செவ்வாயாம். என்னைக் கட்டிக்கிறவன் செத்துருவானாம்.”

உளுந்து நிறுத்துக்கொண்டிருந்த அப்பாவின் கை நின்றது.

நடந்தது இதுதான். நான் அடித்துக் கொடுத்த தாள் குணா அண்ணனின் பெரியப்பாவிடம் போயிருக்கிறது. கோயில் தலைவர். தம்பி செத்தபின் தம்பி குடும்பத்தைத் தாங்கியவர் என்பதால் அந்த வீட்டில் அவர் சொல்தான் சட்டம். அவர் தாளை வெளிச்சத்தில் பிடித்து, லக்னத்திலிருந்து ஒவ்வொரு கட்டமாக எண்ணி, ஏழாவதில் விரலை வைத்து அப்படியே நிறுத்திவிட்டாராம். பையனின் ஜாதகம் சுத்தம், பெண்ணுக்குச் செவ்வாய் தோஷம், சேர்க்கக் கூடாது. குணா அண்ணன் “கைல எழுதுற ஜோசியர்கிட்ட இன்னொரு தடவ பார்ப்போம் பெரியப்பா” என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதிலைத் தனா அக்கா அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினார்.

“மனுஷன் தப்பு பண்ணுவான்டா. கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது.”

இந்த மனிதரைப் பற்றி ஒரு வார்த்தை. கோயில் அலுவலகத்துக்குக் கணினி வாங்கலாம் என்று இளைஞர்கள் கேட்டபோது, ‘அதெல்லாம் கெட்டுப் போறதுக்கு’ என்று தடுத்தவர் இவர். வீட்டு மின்விளக்கைச் செருப்புப் போட்டுக்கொண்டுதான் தொடுவார். அந்த ஒரு தாளை வைத்து ஒரே நாளில் விஞ்ஞானியாகிவிட்டார்.

அதன் பிறகு ஊர் சும்மா இருக்குமா? தனா அக்காவின் அம்மா வெள்ளிக்கிழமைக் கோயிலுக்குப் போவதை நிறுத்தினார். வேறு இரண்டு இடத்திலிருந்து பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தவர்கள் வரவில்லை. ஒரு கல்யாணம் நின்றதோடு போகவில்லை, அக்காவின் நெற்றியில் ஒரு சொல்லை ஒட்டிவிட்டார்கள். அதை ஒட்டிய பசை என் பிரிண்டரிலிருந்து வந்தது. குணா அண்ணன் சிங்கப்பூரில் வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டார். போனால் திரும்ப மாட்டார் என்று அவர் முகமே சொன்னது.

பஸ் நிறுத்தத்தில் தனா அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

“நீ என்ன பண்ணுவ? நான் எந்த நேரத்துல பொறந்திருந்தாலும் ஷிஃப்ட்டு ஏழு மணிக்குத்தான் லா” என்றார். பஸ் வந்தது. ஏறும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்துவிட்டேன்.

கடிகாரப் பைத்தியம்

நான் சும்மா இருந்ததாகச் சொல்ல மாட்டேன். அந்த ஜாதகத் தளத்துக்கு ஈமெயில் போட்டேன், கணக்கைச் சரிபார்க்க முடியுமா என்று. உடனே பதில் வந்தது. ‘தங்கள் வாழ்வு சிறக்க வாழ்த்துகள். தங்களுக்குச் சனிப் பெயர்ச்சிச் சிறப்புப் பலன் தேவையா?’ மறுபடி எழுதினேன். மறுபடி அதே வாழ்த்து. நான் திட்டி எழுதியதற்கும் என் வாழ்வு சிறக்க வாழ்த்தினார்கள்.

விடை வேறெங்கோ, யாரும் போகாத ஒரு பக்கத்தில் கிடைத்தது.

விநோதத் தளங்களைப் பட்டியலிடும் ஒரு தளம் உண்டு. மனம் சரியில்லாத நாட்களில் அதில் மேய்வேன். அன்று அதில் கிடைத்தவன் ஒரு கடிகாரப் பைத்தியம். உலகத்தில் எந்த நாடு எப்போது தன் கடிகாரத்தை முன்னே தள்ளியது, பின்னே இழுத்தது என்று ஆயுசு முழுக்கச் சேகரித்து வைத்திருந்தான். படமில்லை, நிறமில்லை, மண்வெட்டிப் பொம்மைகூட இல்லை. சாம்பல் பின்னணியில் எறும்பு வரிசை போல எண்கள். இவனுக்கெல்லாம் வேலையே இல்லையா என்று கேலி செய்துகொண்டே மலேசியாவைத் தட்டினேன்.

ஒரு முழுப் பக்கம் வந்தது. வெள்ளைக்காரன் இருபது நிமிடம் தள்ளியிருக்கிறான், பிறகு பத்து நிமிடம். ஜப்பான்காரன் வந்தபோது நாம் தோக்கியோ நேரத்துக்குச் சாப்பிட்டிருக்கிறோம். அவன் போனதும் கடிகாரம் பழையபடி திரும்பியிருக்கிறது. கடைசி வரியில் கண் நின்றது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு புத்தாண்டுப் பிறப்பில், கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சபா சரவாக்கோடு ஒரே நேரமாக இருக்கட்டும் என்று தீபகற்பத்தின் எல்லாக் கடிகாரங்களையும் அரை மணி முன்னால் தள்ளியிருக்கிறார்கள்.

நான் அதற்குப் பிறகு பிறந்தவள். தனா அக்கா அதற்கு முன்னால்.

ஜாதகத் தளத்தைத் திறந்தேன். ஊருக்குக் கீழே சின்ன எழுத்தில் ‘எட்டு மணி’ என்றிருந்தது. கிரீன்விச்சுக்கு நாம் எட்டு மணி முன்னால் என்ற கணக்கு. என் பிறப்புக்கு அது சரி, அதனால்தான் என் ஜாதகம் பிசகாமல் வந்தது. தனா அக்கா பிறந்த நாளில் நாம் ஏழரை மணிதான் முன்னால். அவருடைய சூராட் பெரானாக்கில் மாலை ஐந்து பத்து என்று இருந்தது. அன்றைய தோட்டத்துக் கடிகாரத்தின் ஐந்து பத்து, இன்றைய கணக்கில் ஐந்து நாற்பது. தளம் அதை இன்றைய ஐந்து பத்தாக எடுத்துக்கொண்டு, அவரை அரை மணி முன்னதாகவே பிறக்க வைத்துவிட்டது.

எட்டை அழித்துவிட்டு ஏழரை என்று தட்டினேன். லக்னம் கன்னியிலிருந்து துலாமுக்கு நகர்ந்தது. செவ்வாய் தன் மீனத்திலேயேதான் இருந்தது. எண்ணினால் இப்போது அது ஆறாம் இடம். தோஷம் இல்லை.

என் மகிழ்ச்சி சரியாக ஒரு நிமிடம் இருந்தது. பிறகுதான் உறைத்தது. என்னைவிட மூத்தவர்கள் யாருக்கெல்லாம் அடித்துக் கொடுத்தேனோ, அத்தனை பேரும் அரை மணி முந்திப் பிறந்தவர்கள். செர்டாங் பசாரே தப்பான நேரத்தில் பிறந்து கீரை வாங்கிக்கொண்டிருந்தது.

எத்தனை தடவை தட்டுவ?

சரியான தாளை எடுத்துக்கொண்டு ராசம்மா ஆன்ட்டி வீட்டுக்குப் போனேன். குறைந்த விலை வீடமைப்பில் கோடி வீடு. ஆன்ட்டி வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். கிரீன்விச், ஜப்பான்காரன், சபா, சரவாக்.

ஆன்ட்டி இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“இது ஒங்க கம்ப்யூட்டர் போட்டது?”

“ஆமா.”

“இதுவும் அதே கம்ப்யூட்டர் போட்டது?”

“ஆமா ஆன்ட்டி, ஆனா இதுல நான் நேரத்த...”

“நீ மாத்துன.”

“சரியா மாத்துனேன்.”

“மொதத் தடவையும் சரின்னுதான சொன்ன? எத்தன தடவ தட்டுவ கோகி? ஒனக்குப் புடிச்சது வர்ற வரைக்குமா?”

உண்மை என் கையில் இருந்தது, கேள்வியில் இருந்த நியாயம் அவர் கையில் இருந்தது. ஓர் இயந்திரம் ஒரு தடவை தப்பாகச் சொன்னால் வேதவாக்கு. இரண்டாம் தடவை சரியாகச் சொன்னால் ஏமாற்று வேலை.

“ஒனக்குத் தெரியாது” என்றார் ஆன்ட்டி, ஈரத் துணியை உதறிக்கொண்டு. “குணாவோட அப்பா லாரி கவுந்து செத்தப்போ எனக்கு என்னென்ன பேரு வச்சாங்கன்னு ஒனக்குத் தெரியாது. என் ஜாதகம் சுத்தம். அப்பவே அப்படி. நாளைக்கு என் மகனுக்கு ஒரு காய்ச்சல் வந்தாக்கூட அந்தப் பொண்ணத்தான் பேசுவாங்க. அவன் பெரியப்பாவே மொத ஆளா பேசுவாரு.”

கேலி செய்ய ஒன்றும் கிடைக்காமல் திரும்பிய நாள் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

பெரியப்பாவிடம் தனா அக்காவின் அம்மா அந்தத் தாளைக் காட்டியபோது, அவர் வாங்கவே இல்லையாம். முதலில் வந்ததுதான் கணக்கு என்று சொல்லி அனுப்பிவிட்டார். அரசாங்கம் ஒரு நாட்டையே அரை மணி தள்ளி வைக்கலாம். கோயில் தலைவரை ஒரு நிமிடம்கூடத் தள்ள முடியாது.

பெத்தவ நான்

குணா அண்ணனுக்குச் சிங்கப்பூர் வேலை கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் புறப்பாடு என்று ஊரில் பேச்சு.

அந்த வாரம் ஒரு பிற்பகல், பசார் கூட்டம் இல்லாத நாள். மாடியில் நான் மட்டும் இருந்தேன். படியில் செருப்புச் சத்தம். ராசம்மா ஆன்ட்டி. கையில் பை. ஒரு நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு, டயர் பசை வாடைக்கு முகத்தைச் சுளித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

“என் மகனுது ஒன்னு தட்டு.”

“குணா அண்ணனுக்குத்தான் நோட்டு இருக்கே ஆன்ட்டி?”

“அது மனுஷன் எழுதுனது. மனுஷன் தப்பு பண்ணுவான்.”

நான் திரும்பிப் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் இல்லை. சூராட் பெரானாக்கை நீட்டினார். பிற்பகல் இரண்டு மணி. தட்டினேன். எட்டு மணிக் கணக்கு. பக்கம் மேலிருந்து கீழே மெதுவாக இறங்கியது. பிள்ளையார், கட்டங்கள், செவ்வாய். தோஷமில்லாத இடம்.

“எங்க இருக்கு?”

“ஆறுல. ஒன்னும் இல்ல ஆன்ட்டி, சுத்தம்.”

“நேரம் தப்பு.”

“சூராட் பெரானாக்ல ரெண்டு மணின்னுதான...”

“அது அவங்கப்பா போலீஸ் ஸ்டேஷன்ல வாய்க்கு வந்தத சொல்லிப் பதிஞ்சது. பெத்தது அவரா, நானா? லயத்துல பொறந்தவன் இவன். ரப்பர் பால் எடை போடுறப்போ வலி வந்துச்சு. எடை போட்டு முடிச்சுட்டாங்க. மூணுன்னு வை.”

மூன்று என்று வைத்தேன். செவ்வாய் அசையவில்லை.

“எடை போட்டு முடிச்சு, வாளியெல்லாம் கழுவிட்டாங்க. நாலு.”

அதுவும் இல்லை. எனக்கு இப்போது புரிந்துவிட்டது. பெண்ணுக்கு மட்டும் தோஷம் என்றால்தான் சேர்க்கக் கூடாது. இரண்டு பேருக்கும் இருந்தால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு போய்விடும். செவ்வாய்க்குச் செவ்வாய் சேர்த்தால் பொருத்தம் என்று பெரியப்பாவே கோயிலில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார்! நான் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தேன்.

“ஆன்ட்டி, எத்தனை தடவை தட்டணும்?”

ராசம்மா ஆன்ட்டி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“வர்ற வரைக்கும் தட்டு.”

தட்டினேன். வாளிகள் காய்ந்தன. சனங்கள் லயத்துக்குத் திரும்பினார்கள். யாரோ அடுப்பு மூட்டினார்கள். மருத்துவச்சி வெற்றிலை போட்டுக்கொண்டார். பிள்ளை பிறக்கவில்லை. கடைசியில் மாலை ஐந்தேகாலுக்கு லக்னம் இரண்டு கட்டம் முன்னால் தாண்டியிருக்க, எண்ணிப் பார்த்தால் செவ்வாய் நான்கில் வந்து உட்கார்ந்திருந்தது.

“நாலுல இருந்தா?”

“தோஷந்தான்.”

“அஞ்சேகாலுக்குத்தான் பொறந்தான். இப்பத்தான் ஞாபகம் வருது. கலர்ல அடி.”

பிரிண்டர் தாளைக் கடித்துத் துப்பியது. பிள்ளையாரின் கிரீடம், காது, தும்பிக்கை. எந்த ஒரு தளத்தை நான் ஊரெல்லாம் கொண்டாடினேனோ, எதன் பிழையைக் கண்டுபிடித்துவிட்டு உலகத்தையே திருத்தக் கிளம்பினேனோ, அதில் என் கையாலேயே ஒரு மனிதனை மூன்றேகால் மணி நேரம் தாமதமாகப் பிறக்க வைத்துக்கொண்டிருந்தேன். வெட்கமாகவும் இருந்தது. பெரியப்பா இந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்து எண்ணப் போவதை நினைத்து உள்ளுக்குள் குதிக்கவும் தோன்றியது. கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது என்று சொன்ன வாயை இனி எங்கே கொண்டுபோய் வைப்பார்?

இனி வரும் சில வரிகளை எழுதலாமா என்று போன மாதம் ராசம்மா ஆன்ட்டியிடம் கேட்டேன். பேரனுக்கு இடியப்பத்தைப் பிய்த்து ஊட்டிக்கொண்டே தலையாட்டினார். தனா அக்கா உள்ளேயிருந்து, “எழுதச் சொல்லுங்க அத்தை, இவ எழுதாமலா இருக்கப் போறா?” என்றார்.

அன்று தாளைக் கையில் வாங்கிய ஆன்ட்டி உடனே எழுந்துகொள்ளவில்லை. மை காயட்டும் என்று அதை ஊதிக்கொண்டிருந்தார்.

“கோகி.”

“சொல்லுங்க ஆன்ட்டி.”

“நீ அன்னைக்கு வீட்டுல வந்து சொன்னியே, அரை மணிக் கணக்கு. அது நெசந்தானா?”

“நெசந்தான்.”

“அப்ப அந்தப் பொண்ணுக்குத் தோஷமே இல்ல.”

“இல்ல.”

தாளை இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்தார். ஜிப்பை இழுத்தார். படியருகில் போய் நின்று, கீழே லிம் பங்சர் ஒட்டும் சத்தத்தைக் கொஞ்சம் கேட்டுவிட்டுத் திரும்பினார்.

“அத யார்கிட்டயும் சொல்லித் தொலைக்காத. இப்பத்தான் பொருத்தம் வந்திருக்கு.”